ஒன்றரை முழம் குறைந்த சுவர்

போன வாரம் சேலத்திலிருந்து என் நண்பர் ஒருவர் வந்திருந்தார். சிவில் என்ஜினியர். எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் சுவரைத் தட்டிப் பார்க்கிற ஆசாமி.

எங்கள் தெருவில் டிரில் மாஸ்டர் ஆரோக்கியசாமி வீட்டுக்கு அவரை அழைத்துப் போனேன். காபி வந்தது. நண்பர் காபியைப் பார்க்கவே இல்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரில் மாஸ்டர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே புதிதாக எழுப்பிய சுவர், கூரை ஓட்டைப் போய்த் தொடவில்லை. ஒன்றரை முழம் கீழேயே நின்றுவிட்டது. அந்த இடைவெளி வழியாக அடுத்த வீட்டுத் தாளிப்பு மணம் தாராளமாக வந்துகொண்டிருந்தது.

"என்ன சார், சிமெண்ட் தீர்ந்து போச்சா?" என்று கேட்டார் நண்பர்.

"இல்லைங்க. மூட்டை மிச்சமே கிடக்குது."

"செங்கல் பத்தலையா?"

"கொல்லையில அடுக்கி வெச்சிருக்கேன் பாருங்க."

"அப்புறம் ஏன் பாதியில நிறுத்திட்டீங்க?"

டிரில் மாஸ்டர் மீசையைத் தடவிக்கொண்டார். "பாதி இல்லைங்க சார். முழுசாக் கட்டி முடிச்சாச்சு."

நண்பர் என்னைப் பார்த்தார். நான் காபியைப் பார்த்தேன். வெளியே வந்ததும் அவர் மெதுவாகக் கேட்டார் — "ஏன்யா... உங்க தெருவுல வெள்ளம் வந்தப்போ இவர் தலையில ஏதாவது அடிகிடி பட்டுதா?"

படவில்லை. விஷயம் வேறு. அதை அவருக்குச் சொல்ல டீக்கடை வரைக்கும் நடக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தர்மபுரிப் பக்கம் வெள்ளம் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கழுதைக்குக் கல்யாணம் செய்துவைத்து மழை கேட்கிற ஊர்க்காரர்கள்தான் நாங்கள். போன வருஷம் எந்தக் கழுதைகளுக்கு நடத்திவைத்தார்களோ, அவை ரொம்பவே ஒற்றுமையான ஜோடியாக இருந்திருக்க வேண்டும். ஐப்பசியில் கொட்டித் தீர்த்துவிட்டது. ஏரிக்கரை உடைந்தது. கரையை ஒட்டின தாழ்வான தெரு எங்களுடையது.

எங்கள் ஊர்க்காரனுக்குக் குடத்துத் தண்ணீரைச் சமாளிக்கத் தெரியும். வரிசையில் நின்று பிடித்து, சண்டை போட்டு, சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்து சேர்த்துவிடுவான். தண்ணீரே வரிசையாக வீடு தேடி வந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. முதல் வீட்டுக்காரர் தண்ணீரைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் உள்ளே ஓடிப்போய் அண்டாவை எடுத்து வந்தாராம். அவரே சொன்னது.

உயிருக்குச் சேதமில்லை. சர்ச் பள்ளிக்கூடம் மேட்டில் இருந்ததால் தெருவே அங்கே போய்ப் படுத்தது. ஆனால் திரும்பி வந்து பார்த்தபோது, பேசுகிற வாய்க்குப் பேர்போன எங்கள் தெருவில் யாரும் பேசவில்லை. சட்டி பானை, அரிசி, துணிமணி, பிள்ளைகளின் புத்தகம், எல்லாம் ஒரே சேறு. தையல்காரர் மிஷினைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

என் வீடு தெருவின் மேட்டுக்கோடியில் இருக்கிறது. வாசற்படி வரை வந்த தண்ணீர் என் செருப்பில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இதைத் தெருவில் சொல்லிக்கொள்ளவே எனக்கு வெட்கம்.

அப்புறம் எல்லோரும் எழுந்தார்கள். எழுந்துதானே ஆக வேண்டும்? சேற்றை வாரினார்கள். மெத்தைகளைக் கரைமேல் காயப்போட்டார்கள். நிவாரணத்தில் வந்த போர்வை எல்லாம் ஒரே பழுப்பு நிறம். கொஞ்ச நாளைக்கு எங்கள் தெருவில் எது யார் புருஷன் என்று பின்னாலிருந்து பார்த்துச் சொல்ல முடியவில்லை.

பேச்சும் திரும்பி வந்தது. கார்த்திகையில் "முட்டி வரைக்கும் தண்ணி" என்றவர், தையில் "இடுப்பு வரைக்கும்" என்றார். மாசியில் கழுத்துக்கு வந்துவிட்டது. நிஜமான வெள்ளம் வடிந்த பிறகுதான் எங்கள் தெருவில் வெள்ளம் ஏற ஆரம்பித்தது!

சரி, சுவருக்கு வருகிறேன்.

டிரில் மாஸ்டர் ஆரோக்கியசாமியும் புண்ணாக்குக் கடை முனுசாமியும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறவர்கள். ஒரே வீட்டை அந்தக் காலத்தில் யாரோ இரண்டாகப் பிரித்து நடுவில் மண்சுவர் வைத்துவிட்டார்கள். கூரை மரத்தூண்களில் நின்றதால் தப்பித்தது. மண்சுவர்? வெல்லம் மாதிரி கரைந்து போனது.

இரண்டு பேரும் சண்டைக்காரர்கள் இல்லை. "சேர்ந்து கட்டிருவோம் சார்." "கட்டிருவோம் முனுசாமி." ஒரே நிமிஷத்தில் பேசி முடித்துவிட்டார்கள். ஆனால் கட்டுப்பாட்டுச் சரக்கான சிமெண்டுக்கு சர்க்கார் பர்மிட் வாங்க வேண்டும். அது வருகிறபோது வரட்டும், அதுவரை என்ன செய்வது?

சேலையைக் கட்டினார்கள். டிரில் மாஸ்டர் மனைவி லூர்து மேரி ஒரு நீல வாயில் துணிச் சேலை கொடுத்தார். முனுசாமியின் மனைவி பழனியம்மா ஒரு சின்னாளப்பட்டிச் சேலை கொடுத்தார். இரண்டையும் சேர்த்துத் தைத்து, தூணுக்குத் தூண் கயிறு இழுத்துத் தொங்கவிட்டாயிற்று.

பண்பாடு என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால், அந்தச் சேலையைத்தான் காட்டுவேன். இரண்டு குடும்பமும் அதைச் சுவர் என்றே நடத்தின. காற்றில் சேலை ஒதுங்கினால் இந்தப் பக்கத்துக்காரர்கள் இந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள், அந்தப் பக்கத்துக்காரர்கள் அந்தப் பக்கம். உப்பு வேண்டுமா? சேலையைத் தூக்கிக் கேட்கிற வழக்கம் கிடையாது. வாசல் வழியாக இறங்கி, தெருவில் நடந்து, அடுத்த வாசலில் ஏறித்தான் கேட்க வேண்டும்.

ஒரு நாள் நான் டிரில் மாஸ்டரோடு பேசிக்கொண்டிருந்தேன். சேலைக்கு அந்தப்புறம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், முனுசாமி உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கிறார். நிழல் தெரிகிறது. நாங்கள் பேசுவதற்கு நடுவே தலைகூட ஆடுகிறது. திடீரென்று எழுந்தார். அவர் வீட்டுக் கதவு திறக்கிற சத்தம். தெருவில் செருப்புச் சத்தம். டிரில் மாஸ்டர் வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

"சார் இருக்கீங்களா?"

டிரில் மாஸ்டர் கம்பீரமாகக் குரல் கொடுத்தார் — "யாருங்க அது?"

"நான்தாங்க, முனுசாமி."

"அடடே, வாங்க வாங்க! எங்க இந்தப் பக்கம்?"

நான் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒருவர் முகத்திலாவது ஒரு சின்னச் சிரிப்பு வேண்டுமே? இல்லை!

இப்போது முனுசாமியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நல்ல மனிதர். நல்லம்பள்ளிப் பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கிறது, இங்கே கடை. கடையில் அவரைப்போல் தணிந்து பேசுகிறவரைப் பார்க்க முடியாது. மாட்டுக்காரன் ஆயிரம் நொட்டை சொன்னாலும் "சரிங்க, பதமாப் பாத்துக் குடுக்குறேனுங்க" என்பார். பகல் முழுக்க இப்படி அடக்கி அடக்கிச் சேர்த்துவைத்த சத்தம் எல்லாவற்றையும் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவார்.

கை நீட்டமாட்டார். வாய்தான். ரசத்தில் உப்பு இல்லையென்றால் ஒரு கத்தல். உப்பு இருந்தால், "இத்தினி உப்பா?" என்று இன்னொரு கத்தல். செருப்பு வைத்த இடத்தில் இல்லாததிலிருந்து பழனியம்மாவின் அண்ணன் கல்யாணத்தில் பந்தி பிந்தியது வரைக்கும் ஒன்றுவிடாமல் வரும். நடுநடுவே ஈயத்தட்டு ஒன்று பறக்கிற சத்தம் கேட்கும். பழனியம்மாவின் குரலை அந்த நேரத்தில் யாரும் கேட்டதே கிடையாது.

தெருவுக்கே தெரியும். தெருவே என்ன செய்தது? ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொண்டது.

சேலை தொங்கின முதல் வாரம். முனுசாமி சாப்பிட உட்கார்ந்தார். ரசம் ஊற்றினார் பழனியம்மா. ஒரு வாய் குடித்தவர் தட்டைத் தள்ளிவிட்டு, "ஏய்..." என்று ஆரம்பித்தார். சேலைக்கு அந்தப்புறம் டிரில் மாஸ்டர் எதேச்சையாக ஒரு தடவை இருமினார். அவருக்கு நிஜமாகவே ஜலதோஷம்.

முனுசாமி வாயை மூடினார். சேலையைப் பார்த்தார். தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

"...ரசம் நல்லாருக்குது."

பழனியம்மா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்துவிட்டதாம்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் கத்தல் நின்றுபோனது. தட்டு பறப்பது நின்றது. டிரில் மாஸ்டர் வீட்டில் சாயங்காலம் ஜெபமாலை சொன்னால் முனுசாமி ரேடியோவைத் தணிப்பார். முனுசாமி வீட்டில் வெள்ளிக்கிழமை சூடம் காட்டி மணியடித்தால் டிரில் மாஸ்டர் பேச்சை நிறுத்துவார். இதற்கு முன்னால் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடக்கூட விசில் ஊதிக்கொண்டிருந்த மனிதர், விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாயாலேயே கூப்பிட ஆரம்பித்தார். இது எல்லாம் யாரும் கவனிக்காமல் நடந்தது. யாரும் என்றால், ஆண்கள் யாரும்.

அதற்கப்புறம்தான் விசித்திரம். சுவர் கட்டவே முடியவில்லை!

கார்த்திகையில் "ஈரம் காயட்டும்" என்றார் பழனியம்மா. நியாயம். மார்கழியில் யாராவது வேலை ஆரம்பிப்பார்களா? அதுவும் நியாயம். தையில் முனுசாமியின் தூரத்துச் சித்தப்பா ஒருவர் நல்லம்பள்ளியில் காலமாக, "தீட்டு இருக்குதுங்க" என்றார் பழனியம்மா. அந்தச் சித்தப்பாவோடு முனுசாமிக்குப் பத்துப் பதினைந்து வருஷமாகப் பேச்சுவார்த்தையே இல்லை.

தீட்டுக் கழிந்தது. இனிமேல் தடையில்லை என்று மேஸ்திரியிடம் சொல்லப் போகிற நேரத்தில் லூர்து மேரி சொன்னார், "தவக்காலம் ஆரம்பிக்குது. ஈஸ்டர் முடியட்டும்."

டிரில் மாஸ்டருக்கே இது புதுச் செய்தி. தவக்காலத்தில் கல்யாணம் செய்யமாட்டார்கள், தெரியும். சுவருக்குமா தவக்காலம்? சர்ச்சில் போய்ச் சாமியாரையே கேட்டுவிட்டார். சாமியார் சிரித்தாராம். "அப்படி ஒண்ணும் இல்லையே மாஸ்டர்! தாராளமா கட்டுங்க."

வந்து சொன்னார். லூர்து மேரி அசரவில்லை. "சாமியாருக்கு என்ன தெரியும்? அவருக்கு வூடா, பொண்டாட்டியா? நம்ம சர்ச் பங்குல பெரியவங்க எல்லாம் கட்டமாட்டாங்க. அவ்வளவுதான்."

இந்து பஞ்சாங்கமும் கிறிஸ்தவக் காலண்டரும் சேர்ந்தால் வருஷத்தில் ஒரு சுவர் கட்ட ஒரு நாள்கூடக் கிடைக்காது என்பதை அந்த வருஷம்தான் தெரிந்துகொண்டேன். மத நல்லிணக்கம் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் எங்கள் தெருவுக்கு வந்து பார்க்க வேண்டும்!

இந்த நேரத்தில் நடுவில் புகுந்தேன் நான். பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதால் ஆபீசுகளில் என்னை உட்காரச் சொல்வார்கள். உட்கார்ந்த கையோடு சிமெண்ட் பர்மிட் பற்றி விசாரித்து, ஆளைப் பிடித்து, ஒரு வழியாக வாங்கியும் விட்டேன். பெரிய காரியம் செய்த மிதப்பில் நேரே முனுசாமி வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. பழனியம்மா மட்டும் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, சிமெண்ட் கிடைச்சாச்சு! இந்த வாரமே வந்துடும். இனிமே இந்தச் சேலைக் குடித்தனம் வேண்டாம்."

அவர் முகம் வாடிவிட்டது. முறத்தை வைத்தார். திரும்ப எடுத்தார்.

"அவசரம் ஒண்ணும் இல்லீங்களேண்ணா..." என்றார்.

"அவசரம் இல்லையா? திரும்ப மழை வந்தா?"

"வர்றப்ப பாத்துக்கலாங்க. வேற யாருக்காச்சும் குடுத்துருங்களேன். தெருக்கோடியில அந்தத் தையக்கார அண்ணன் வூட்டுக்கு ரொம்ப வேணும்னு சொன்னாங்க."

எனக்குக் கோபமே வந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொரிந்தேன். "இந்தக் காலத்துல யாருக்குத்தான் நல்லது செய்யறது? சிமெண்ட் வந்திருக்குன்னா சாவு விழுந்த மாதிரி மூஞ்சியை வெச்சுக்கிறாங்க!"

என் மனைவி கமலா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

"நீங்கள்லாம் எழுதத்தான் லாயக்கு" என்றாள்.

"ஏன்?"

"அந்தச் சேலை தொங்குற நாள்லேருந்து அந்தம்மா வூட்ல சத்தம் கேட்டுதா? யோசிச்சுப் பாருங்க. கல்யாணமாகி வந்த நாள்லேருந்து அவங்க நிம்மதியா உக்காந்து ஒரு வேளைச் சோறு தின்னது இந்த நாலஞ்சு மாசம்தான். என்கிட்டயே சொல்லி அழுதாங்க. 'வெள்ளம் எல்லாத்தையும் கொண்டுபோச்சுங்க, இது ஒண்ணைக் குடுத்துட்டுப் போச்சு'ன்னாங்க. நீங்க போய் சிமெண்ட் வாங்கிட்டு வந்துட்டீங்க, பெரிய இவராட்டம்!"

தீட்டு, தவக்காலம், மார்கழி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு சுவரை மாசக்கணக்கில் எழும்பவிடாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள். தெருவில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்திருக்கிறது. பத்திரிகைக்காரனுக்குத்தான் தெரியவில்லை!

ஆனால் பர்மிட் வந்துவிட்டது. சிமெண்ட் மூட்டைகள் வந்து இறங்கிவிட்டன. ஈஸ்டரும் முடிந்தது. "அக்னி நட்சத்திரம் வருது, சுவர் வெடிச்சுரும்" என்று கடைசியாக ஒரு தடவை முயற்சி செய்து பார்த்தார் பழனியம்மா. "அதெல்லாம் தண்ணி விட்டு ஆத்துனாச் சரியாயிடும்மா" என்று சொல்லிவிட்டார் மேஸ்திரி. போதாததற்கு முனுசாமியே அவசரப்பட்டார். "மனுசன் சொந்த வூட்ல வாயத் தொறக்க முடியலைங்க சார். மூச்சு முட்டுது" என்று என்னிடமே சொன்னார்.

சேலையை அவிழ்த்தார்கள். லூர்து மேரிதான் அவிழ்த்தார். இரண்டு சேலையைச் சேர்த்த தையலைப் பிரிக்காமல் அப்படியே மடித்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

சுவர் எழும்பியது. முழங்கால் உயரம். இடுப்பு உயரம். எங்கள் தெருக்காரர்களின் வெள்ளக்கதை மாதிரி அதுவும் கழுத்துக்கு வந்தது. தெருவில் வேலை நடந்தால் வேடிக்கை பார்க்க ஆள் சேராமல் இருக்குமா? நாங்கள் நாலைந்து பேர் முனுசாமி வீட்டு வாசலில் நின்றோம். பழனியம்மா யாரிடமும் பேசாமல் மேஸ்திரிக்குச் செங்கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தன் கையாலேயே. அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. பர்மிட் வாங்கியவன் நான் அல்லவா?

சுவர் ஆள் உயரம் தாண்டியது. சாரத்தில் ஏறி நின்றார் மேஸ்திரி. ஓட்டுக்கும் சுவருக்கும் இன்னும் ஒன்றரை முழம்.

அப்போது லூர்து மேரி தன் வாசல் வழியாக இறங்கி, தெருவில் நடந்து, முனுசாமி வீட்டு வாசலில் ஏறி உள்ளே வந்தார். அந்த நேரத்திலும் முறை தப்பவில்லை.

"மேஸ்திரி, போதும். எறங்குங்க."

"என்னம்மா, இன்னும் மேல ஏத்த வேணாமா?"

"வேணாம். எனக்குக் காத்து வேணும்."

சுவருக்கு அந்தப்புறமிருந்து டிரில் மாஸ்டரின் தலை மட்டும் எட்டிப் பார்த்தது. ஸ்டூலில் ஏறி நிற்கிறார். "என்ன லூர்து இது? சன்னல் இருக்குதே!"

"சன்னல் காத்து எனக்குப் பத்தாது."

முனுசாமி சிரித்தார். "என்னங்கக்கா, தமாஸ் பண்றீங்க? சுவருன்னா ஓடு வரைக்கும் போக வேணாமா? மேஸ்திரி, நீ ஏத்துய்யா."

மேஸ்திரி கரணையை எடுத்தார். பழனியம்மா கையில் செங்கல் இருந்தது. அவர் கொடுக்கவில்லை.

"போதுங்க" என்றார்.

புருஷனைப் பார்த்து, நாலு பேர் நடுவில். அவருக்கு எதிராக அந்தக் குரலை நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

முனுசாமியின் முகம் சிவந்தது. வாயைத் திறந்தார். எங்களுக்குத் தெரிந்த அந்த "ஏய்" நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வாசலில் நிற்கிற எங்களைப் பார்த்தார். சுவருக்கு மேலே டிரில் மாஸ்டர் தலையைப் பார்த்தார். செங்கல்லைப் பிடித்தபடி நிற்கிற பெண்டாட்டியைப் பார்த்தார். செங்கல் இறங்கவில்லை.

என்ன தோன்றிற்றோ, முனுசாமி திரும்பி அண்ணாந்து டிரில் மாஸ்டரைக் கேட்டார் — குரல் கடையில் பேசுகிற குரலாகிவிட்டது.

"சார்... முன்ன இருந்துச்சே மண்சுவரு... அதுல... அந்தப் பக்கம் கேக்குமுங்களா?"

டிரில் மாஸ்டர் பொய் சொல்லத் தெரியாதவர். வேறு யாராக இருந்தாலும் "சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் கேக்காதுங்க" என்று சொல்லியிருப்பார்கள். நான் சொல்லியிருப்பேன். அவர் கொஞ்ச நேரம் ஓட்டைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்.

"கேட்டுது முனுசாமி. எல்லாமே கேட்டுது."

"எல்லாமேங்களா?"

"ஆமா."

முனுசாமி அங்கேயே மணல் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்தவர் துண்டை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. நாங்கள் ஒவ்வொருவராக வேறு எங்கேயோ வேலை இருப்பதுபோல நகர ஆரம்பித்தோம். நான் கடைசியாக நகர்ந்ததால் அவர் மேஸ்திரியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"அவங்க சொல்ற மாதிரியே உட்ருய்யா."

சுவர் சத்தத்தை மறைக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எந்தச் சுவர் மறைத்தது? கத்துகிறவனுக்கு வெளியே கேட்காது என்று நினைப்பு. கேட்கிறவனுக்குக் கேட்காத மாதிரி இருந்துகொள்ள வசதி. அவ்வளவுக்குத்தான் சுவர். நடுவில் அகப்பட்டுக்கொண்டவர் பழனியம்மா. ஒரு சேலை தொங்கினபோது அந்த வசதி இரண்டு பக்கமும் போய்விட்டது. இத்தனை வருஷம் தெருவே சேர்ந்து செய்யாததை இரண்டு பழைய சேலை செய்துவிட்டது.

இதையெல்லாம் என் என்ஜினியர் நண்பரிடம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொல்லி முடித்தேன். அவர் டீ ஆறிப்போயிருந்தது.

"சரி, அந்த ஆள் திருந்திட்டாரா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள், தெருவிலிருந்து ஒரு குரல் கேட்டது. முனுசாமிதான், ஞாயிற்றுக்கிழமை என்று கடைக்குப் போகவில்லை. "ஏ பழனி! எத்தினி தடவ சொல்றது..."

உடனே பீ...ப் என்று ஒரு விசில். கூர்மையாக, சுருக்கமாக. குரல் நின்றது. அப்புறம் இரண்டு பெண்கள் சேர்ந்து சிரிக்கிற சத்தம். அதற்கும் பின்னால், கொஞ்சம் அசடு வழிய, முனுசாமியின் சிரிப்பு.

"என்ன அது, ஏதாவது மேட்ச் நடக்குதா?" என்றார் நண்பர்.

"ஃபவுல்" என்றேன்.

டிரில் மாஸ்டரின் விசில் திரும்பவும் வேலைக்கு வந்துவிட்டது. பிள்ளைகளுக்காக இல்லை. ஆரம்பத்தில் தினம் ஊத வேண்டியிருந்ததாம், இப்போது வாரத்துக்கு ஒரு தடவை ஊதினாலே ஜாஸ்தி என்கிறார். திருந்திவிட்டாரா என்றால், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பழனியம்மா இப்போது கொஞ்சம் சதை போட்டிருக்கிறார் என்று கமலா சொன்னாள். எனக்கு அது போதும்.

நண்பரை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்து வந்தேன். சாம்பாரில் புளி கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அதைச் சொன்னேன். சாதாரணமாகத்தான் சொன்னேன் என்பது என் அபிப்பிராயம்.

கமலா நண்பருக்கு இன்னொரு கரண்டி சாதம் வைத்தாள். பிறகு ரொம்ப மரியாதையாக அவரைக் கேட்டாள்:

"அண்ணா, எங்க சமையல்கட்டுச் சுவத்துல மேல ரெண்டு வரிசை செங்கல்லை எடுத்துட்டா வூடு தாங்குமுங்களா?"

நண்பர் எழுந்து போனார். சுவரைத் தட்டிப் பார்த்தார். "தாராளமா எடுக்கலாம்மா. மூணு வரிசையே எடுக்கலாம்" என்றார்.

இனிமேல் என்ஜினியர்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவதாக இல்லை.